மூவறை வீட்டில் ஒரு ஹாலோவீன்

அத்தான் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தார். கைப்பேசியை நீட்டி, "இதக் கொஞ்சம் பாருங்க அத்தான், மூணு நிமிஷம்கூட இல்ல" என்றேன். கொட்டாவி விட்டபடியே வாங்கினார். மொத்தம் 2 நிமிடம் 48 விநாடி ஓடும் அந்தத் துண்டின் கடைசிக் கட்டத்தில் முகமூடி கழன்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், இது நம்ம பையன்டா!"

ஒரு பழைய திகில் படத்தின் தொடக்கக் காட்சியை நானே மறுபடி எடுத்துப் பார்த்த துண்டு அது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான்கு இரவும் 130 சிங்கப்பூர் வெள்ளி 30 காசும் செலவழித்திருந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். படத்தைப் பார்க்காதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே முடிச்சு முழுவதும் அவிழ்ந்து கிடக்கும்.

படம் 1978இல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்'. செலவு சுமார் 3 லட்சம் அமெரிக்க டாலர், படப்பிடிப்பு ஏறக்குறைய இருபது நாள். கதை நடப்பது அமெரிக்காவின் இல்லினாயில் ஒரு கற்பனை ஊரில், அக்டோபர் கடைசியில், பிள்ளைகள் பேய் வேடம் போடும் ஹாலோவீன் நாளில். எடுத்ததோ கலிபோர்னியாவில், வசந்த காலத்தில், மரமெல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்தபோது. காகித இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசித் தெருவில் கொட்டினார்கள். காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி மூட்டை கட்டி, அடுத்த காட்சிக்கும் அதே இலைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் குழுவின் மேல் எனக்கு ஒரு பாசம்.

தொடக்கக் காட்சி 1963இல் நடக்கிறது. யாரோ ஒருவருடைய கண் வழியாகவே பார்க்கிறோம். அந்த ஆள் ஒரு வீட்டை நோக்கி நடக்கிறான், ஜன்னல் வழியாக ஒரு பெண்ணும் அவள் காதலனும் கொஞ்சுவதைப் பார்க்கிறான். அவர்கள் மாடிக்குப் போக, மேலே விளக்கு அணைகிறது. இவன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து சமையலறைக்குள் நுழைந்து, இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுக்கிறான். காதலன் சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கி வெளியே போகிறான். இவன் மாடியேறி, கீழே கிடந்த முகமூடியை எடுத்து அணிகிறான். அங்கிருந்து திரை இரண்டு கண் ஓட்டைகளாகச் சுருங்கிவிடும். கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருக்கும் பெண்ணைக் குத்திவிட்டு, இறங்கி வாசலுக்கு வருகிறான். கார் வந்து நிற்கிறது. அப்பா முகமூடியைக் கழற்றுகிறார். உள்ளே ஆறு வயதுப் பையன், கொல்லப்பட்டவளின் தம்பி. கேமரா அவனை விட்டுப் பின்வாங்கி மேலே எழும்புகிறது.

முகமூடி கழலும் வரை எல்லாம் ஒரே ஓட்டமாகத் தெரியும், நான்கு நிமிடத்துக்குப் பக்கம். எடுத்தது பேனாகிளைட் என்ற உடம்பில் மாட்டும் கருவியால். நடந்தாலும் படம் குலுங்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெடிகேம் என்ற கருவிக்குப் போட்டியாக பேனாவிஷன் நிறுவனம் செய்தது அது. ஒளிப்பதிவாளர் டீன் கன்டி, கருவியை மாட்டிக்கொண்டு நடந்தவர் ரே ஸ்டெல்லா.

கோப்பிக்கடையில் நண்பன் ஒருவன் "அதுல வெட்டி ஒட்டுன கட்டே கிடையாது" என்று அடித்துச் சொன்னான். நான் உண்டு என்றேன். இருவரும் படத்தைப் பத்துமுறை பார்த்தவர்கள், இருவருக்கும் தெரியாது. சரி, பார்த்தது போதும், எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று அன்று ராத்திரியே முடிவு செய்தேன். அந்தச் சமயம் சிங்கப்பூரின் ஈசூன் பேட்டையில் சித்தி வாங்கிய பழைய மூவறை வீடு காலியாகக் கிடந்தது. 67 சதுர மீட்டர், பொது நடைபாதையைப் பார்த்த ஜன்னல், அதில் கண்ணாடிப் பட்டைகளைத் திருகித் திறக்கும் பழைய லூவர். மறுசீரமைப்பு ஆட்கள் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது.

முதல் வேலை அளவெடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஏ3 தாளில் படத்தில் வரும் வீட்டின் வரைபடம் போட்டேன். கேமரா உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. கேமராவைவிடத் தாழ்ந்த மேசையின் மேற்பரப்பு கண்ணில் படும், உயர்ந்த அலமாரியின் மேற்பரப்பு படாது. இரண்டும் இல்லாமல் வெறும் கோடாக ஒரு பரப்பு தெரிந்தால் கேமரா அதே உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சமையலறையில் இழுப்பறையை மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. மாடிப்படிக் கைப்பிடி, கதவுக் குமிழ் எல்லாம் கீழே கிடக்கின்றன. கூட்டிக் கழித்தால் கேமரா வளர்ந்த ஆளின் கண் உயரத்தில் நடக்கிறது.

அக்கா மகனுக்கும் ஆறு வயதுதான். சுவரோடு நிற்க வைத்து டேப்பால் அளந்தேன். உயரம் 116, கண் 105 செ.மீ. ஆக, படத்தில் பையனின் கண் ஒன்றரை மீட்டருக்கு மேல் மிதக்கிறது! "கார்பென்டர் விட்ட ஓட்டையை நான் அடைக்கிறேன்" என்று நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். அந்தச் செய்தியை அவன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.

இன்னொரு ஓட்டையும் கண்ணில் பட்டது. மாடியில் விளக்கு அணைந்ததிலிருந்து காதலன் சட்டையோடு இறங்கி வரும்வரை இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. வெட்டிவெட்டி எடுத்திருந்தால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஓட்டமாகக் காட்டும்போது கடிகாரத்தையும் சேர்த்துக் காட்டியதாக ஆகிவிடுகிறது. பாவம் அந்தப் பையன்.

அடுத்தது வழித்தடம். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் மாடி ஏது, கொல்லைப்புறக் கதவு ஏது? மின்தூக்கியில் தொடங்கி நடைபாதை வழியாக ஜன்னல், வாசல், கூடம், சமையலறை, திரும்பிப் படுக்கையறை, மறுபடி வாசல் என்று மாற்றிக்கொண்டேன். டேப் போட்டு அளந்ததில் 14, 9, 8, 7, மொத்தம் 38 மீட்டர். சாதாரண நடையில் இது அரை நிமிட வேலை. நின்று பார்ப்பதையெல்லாம் சேர்த்தும் முதல் ஒத்திகை 1 நிமிடம் 5 விநாடியில் முடிந்துவிட்டது. கொலை செய்யப் போகிறவன் மாதிரி இல்லை, கேஸ் அடுப்பை அணைக்க மறந்தவன் மாதிரி இருந்தது.

வேகத்தைக் குறைப்பதற்கு வீட்டுத் தரையே கை கொடுத்தது. தரை ஓடு ஒவ்வொன்றும் 20 செ.மீ. சதுரம். விநாடிக்கு இரண்டு ஓடு என்று வைத்துக்கொண்டேன். காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன், அதில் நிமிடத்துக்கு 60 தட்டும் மெட்ரோனோம். ஒரு தட்டுக்கு ஓர் எட்டு, ஓர் எட்டுக்கு இரண்டு ஓடு. 38 மீட்டருக்கு 95 விநாடி. நின்று பார்ப்பது, இழுப்பறை, குத்து எல்லாம் சேர்த்து மீதி 73. நடைபாதையில் ஓடு கிடையாது, வெறும் சிமெண்டு. அங்கே 40 செ.மீ.க்கு ஒரு சுண்ணக்கட்டிப் புள்ளி வைத்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன்.

கருவி என்று சொல்லிக்கொள்ள மூன்று வருடப் பழைய கைப்பேசியும், யாரோ வாங்கிப் பயன்படுத்தாமல் 70 வெள்ளிக்கு விற்ற ஜிம்பலும்தான். ஜிம்பல் கை நடுக்கத்தை எடுத்துவிடும். நடக்கும்போது மேலும் கீழும் வரும் குதிப்பை எடுக்காது, அதை முழங்கால்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் மடக்கி, குதிகால் முதலில் ஊன்றி, நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதுபோல நடக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் தொடை பிடித்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினேன்.

முதல் இரவு சனிக்கிழமை. நான் நாள்காட்டியைப் பார்க்கத் தவறிவிட்டேன். சீனர்களின் ஏழாம் மாதம், பேய் மாதம். புளோக்கின் அடியில் காகிதக் காசு எரித்த புகை ஏழாவது மாடிவரை வந்தது. பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா கதவைத் திறந்து, முகமூடியோடு நின்ற என்னைப் பார்த்து, "இந்த மாசத்துல வேண்டாம் லா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்கப்புறம் நடைபாதையில் முகமூடி வேண்டாம், வாசலுக்கு உள்ளே மட்டும் என்று விதி வைத்தோம். கத்திக்கும் அதே விதிதான். நிஜக் கத்தியைத் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது இங்கே குற்றம், 'படம் எடுக்கிறேன்' என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் ஆசையும் எனக்கு இல்லை. தடித்த அட்டையை வெட்டி, அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, கைப்பிடிக்குக் கறுப்பு டேப் சுற்றினேன். 3 வெள்ளி 50 காசு. இருட்டில் நிஜத்தைவிட நன்றாகவே மின்னியது.

நடிகர்கள் சொந்தக்காரர்கள். சித்தி மகள் கண்ணாடி முன் தலை வாருபவள். நண்பன்தான் காதலன், விளக்குகளுக்கும் அவன்தான் பொறுப்பு. சித்தியும் சித்தப்பாவும் கடைசியில் மின்தூக்கியிலிருந்து வரும் பெற்றோர். அக்கா ஒரு நிபந்தனையோடுதான் மகனை அனுப்பினாள்: "கத்தி, கொலைன்னு ஒரு வார்த்தை அவன் காதுல விழக்கூடாது. எட்டரைக்குத் தூங்கிடணும்." ஆகவே அவனுக்கு அது வாள், அவன் ராஜா. "மாமா, ராஜாவுக்கு ஏன் கோமாளி மூஞ்சி?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்று 105 செ.மீ. உயரத்தில் ஒன்பது தடவை எடுத்தோம். ஜிம்பலை இடுப்புக்குச் சற்று மேலே பிடித்துக் குனிந்து நடக்க வேண்டும். ஒன்பதையும் கெடுத்தது நான் எதிர்பார்க்காத ஒன்று: நடைபாதை விளக்கில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் ஓடின. திரைப்படத் தோற்றம் வேண்டுமென்று விநாடிக்கு 24 சட்டகம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் விநாடியில் 48இல் ஒரு பங்கு என்று வைத்திருந்தேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும், 48 அதோடு ஒத்துப்போகாது. 25 சட்டகம், 50இல் ஒரு பங்கு என்று மாற்றியதும் பட்டை போய்விட்டது. கூடவே குவியத்தையும் வெளிச்ச அளவையும் வண்ண வெப்பத்தையும் பூட்டினேன். பூட்டாமல் விட்டால் இருட்டான கூடத்துக்குள் நுழைந்த மறுவிநாடி கைப்பேசி தானாகவே எல்லாவற்றையும் பட்டப்பகலாக்கிவிடுகிறது.

சமையலறைக் குழல்விளக்கு மட்டும் வரம். பழைய சோக், பழைய ஸ்டார்ட்டர். சுவிட்சைத் தட்டினால் டிக், டிக், மினுக், மினுக், இரண்டு விநாடி கழித்துத்தான் முழு வெளிச்சம். அந்த மினுக்கில் இழுப்பறை தெரிந்து மறைந்து தெரிந்தது. புது எல்இடி பல்புகள் இரண்டு 12 வெள்ளிக்கு வாங்கி வைத்திருந்தேன், இங்கே போடவே இல்லை. படுக்கையறைக்கு மட்டும் பயன்பட்டன.

இரண்டாம் இரவு, அதே 105 செ.மீ., பட்டை இல்லாமல் சுத்தமாக ஒரு ஓட்டம் கிடைத்தது. எனக்கு ஒரே பெருமை. திங்கட்கிழமை மதிய உணவில் அலுவலக நண்பர்கள் இருவரிடம் காட்டினேன். மின்தூக்கிப் பொத்தானைக் கடந்து கேமரா நகர்கிறது, அவ்வளவுதான். இருபது விநாடிகூட ஆகவில்லை. "சின்னப் பிள்ளையா?" என்றாள் ஒருத்தி. "ஆமா, பாரு, பொத்தானே தலைக்கு மேல இருக்கு" என்றான் மற்றவன். அப்புறம் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருவரும் மரியாதைக்காகப் பார்த்தார்கள். முகமூடி கழன்றபோது ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கார்பென்டர் ஓட்டை விட்டிருக்கவில்லை. உயரத்தைச் சரியாக வைத்தால் ரகசியம் முதல் எட்டிலேயே செத்துவிடும். கேமரா பொய் உயரத்தில் நடப்பதால்தான் நாம் மனத்துக்குள் ஒரு வளர்ந்த ஆம்பிளையை வைத்துப் பார்க்கிறோம். கடைசியில் பையன் நிற்கும்போது, 'இவ்வளவு நேரம் இவன் கண் எப்படி அந்த உயரத்தில் இருந்தது' என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை, அதிர்ச்சி அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. பத்துமுறை பார்த்த எனக்கே டேப் எடுத்த பிறகுதான் தோன்றியது. இதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது, தப்பாகச் செய்துதான் புரிந்தது.

மூன்றாம் இரவு 150 செ.மீ. எடுத்தவுடன் புதுத் தொல்லை. கத்தி எடுக்கும்போது கை தெரிய வேண்டும். அக்கா மகனின் கையைக் கீழிருந்து நீட்டச் சொன்னால் சின்னக் கை, உடனே காட்டிக்கொடுத்துவிடும். என் கையோ கரடிக் கை. கடைசியில் அக்காதான் என் இடுப்புக்குப் பின்னால் ஒட்டி நடந்து, வலது தோளுக்குக் கீழே கையை நுழைத்து இழுப்பறையைத் திறந்தாள். இருவரும் ஒரே மெட்ரோனோமுக்கு நடக்க வேண்டும், மூன்று கால் ஓட்டப் பந்தயம் மாதிரி. படத்தில் அந்தக் கை படத்தின் தயாரிப்பாளரும் இணை எழுத்தாளருமான டெப்ரா ஹில்லுடையது. குழந்தை நடிகனின் நேரம் காசு, தயாரிப்பாளரின் கை இலவசம் என்று நான் நினைத்திருந்தேன். அதைத் தாண்டி, ஒரு பெண்ணின் கை ஆம்பிளைக் கையாகவும் தெரியாது, குழந்தைக் கையாகவும் தெரியாது. எங்கள் இழுப்பறையில் அது அப்படியே வேலை செய்தது.

முகமூடியில்தான் அதிகம் சறுக்கினேன். இரண்டு வெள்ளிக் கடையில் பிளாஸ்டிக் கோமாளி முகமூடி நான்கு, மொத்தம் 8 வெள்ளி. முதலாவதை லென்சுக்கு முன்னால் நேராகப் பிடித்தேன். லென்சுக்கு மூன்று செ.மீ. தூரத்தில் இருப்பது மொத்தமாக மங்கிப்போய், கண்ணாடியில் எண்ணெய்க் கறை பட்டதுபோல் ஆனது. ஓட்டை என்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதைத் தள்ளிப் பிடிக்க அட்டைப் பெட்டியில் 12 செ.மீ. நீளத்துக்கு ஒரு கூம்பு செய்து ஒட்டினேன். ஓட்டை தெரிந்தது. ஆனால் எடை தாங்காமல் ஜிம்பல் பீப் பீப் என்று கத்திவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. மூன்றாவதில் கண்களைப் பெரிதாக வெட்டப் போய் மூக்குவரை கிழிந்தது. நான்காவது அக்கா மகனுக்கு. ஒரு வாரப் பாடு இது. பிறகு எடிட்டிங் செயலியில் கறுப்புப் படலம் ஒன்றைப் போட்டு அதில் இரண்டு முட்டை வடிவ ஓட்டை போட்டேன், ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினேன், நடைக்கு ஏற்ப லேசாக அசையவிட்டேன். இருபது நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்கலாம்.

அந்த இருபது நிமிடத்தில்தான் நண்பனோடு போட்ட சண்டையும் தீர்ந்தது. முகமூடி முகத்துக்கு வரும்போது திரை ஒரு கணம் இருண்டுபோகிறது. வெட்டை ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. படத்திலும் ஒட்டு அங்கேதான் இருக்கிறது. எனக்கு 6 சட்டகம் கறுப்பு போதுமாக இருந்தது, கால் விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. அதற்கு முன் இருப்பது மூன்றாம் இரவின் ஏழாவது ஓட்டம், பின் இருப்பது நான்காம் இரவின் இரண்டாவது. நடுவில் நான் சட்டையே மாற்றியிருக்கிறேன். நண்பனிடம் எங்கே வெட்டு என்று கேட்டேன். மூன்றுமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறை என்றான். கோப்பி அவன் கணக்கில்.

குத்து எளிதாக முடிந்தது. படத்தைக் கவனித்தால், கேமரா அந்தப் பெண்ணை விட்டுவிட்டு, ஏறி இறங்கும் கத்திக் கையை ஒருமுறை திரும்பிப் பார்க்கும். தன் கை செய்வதைத் தானே வேடிக்கை பார்ப்பதுபோல ஒரு பார்வை. எத்தனை தடவை பார்த்தாலும் என் முதுகு சில்லிடும் இடம் அதுதான். அதே பார்வை செலவையும் மிச்சப்படுத்துகிறது, கத்தியைப் பார்க்கும் நேரத்தில் காயத்தைக் காட்ட வேண்டாம். எனக்கு ரத்தம் கத்தியில் பூசும் அளவுக்கே தேவைப்பட்டது. பண்டோங் என்ற ரோஜாப் பால் பானம் கலக்கும் சிரப்பை எடுத்தேன். வெறும் சிரப் கல்யாண வீட்டுப் பன்னீர் நிறம். மைலோத் தூள் போட்டால் சேறு. 4 தேக்கரண்டி சிரப்புக்கு அரைத் தேக்கரண்டி கெட்டிக் கறுப்பு சோயா சாஸ், அதோடு கொஞ்சம் சோளமாவு. இது சரியாக வந்தது. 5 வெள்ளி 20 காசு. கிண்ணத்தை ராத்திரி மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் எறும்பு வரிசை சமையலறையிலிருந்து நடைபாதைவரை போயிருந்தது, நான் போட்ட வழித்தடத்திலேயே.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகமூடிக்குள் மூச்சு மட்டும் வேண்டும். அலமாரிக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்டிக் குவளையை வாயில் கவிழ்த்துப் பதிவு செய்தேன். இசை வைக்கவில்லை. படத்தின் பேர்போன பியானோ இசை ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது, கார்பென்டரே போட்டது. மிருதங்கம் கற்ற சித்தி மகள் கேட்டவுடனே ஒப்பனை மேசையில் விரலால் தட்டிக் காட்டினாள்: தகிட தகிட தக தக. கூட்டினால் பத்து. கால் ஊன்றும் இடம் ஒவ்வொரு தடவையும் நழுவிப்போவதுபோல் இருக்கிறது. அவள் தட்டியதைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், வேறொன்றுக்கு ஆகும்.

கடைசி ஷாட்தான் தோல்வி. படத்தில் கேமரா பையனை விட்டு விலகி உயரே போகிறது, அதற்கு கிரேன் வேண்டும். என்னிடம் இருந்தது சித்தி வீட்டில் பழைய ஆட்கள் விட்டுப்போன மூன்று மீட்டர் துணிக்கம்பம். முனையில் கைப்பேசியைக் கட்டித் தூக்கினால் நடைபாதைக் கூரை இடித்தது. கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை, ஏழாவது மாடியிலிருந்து கீழே என்ன விழுந்தாலும் அது விளையாட்டு அல்ல. பாதி மாடி மேலே படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கீழ்நோக்கி ஓர் அசையாத ஷாட் எடுத்தேன். உச்சியிலிருந்து பார்க்க, நடுவில் சின்னதாக அவன், இருபுறமும் சித்தியும் சித்தப்பாவும் சிலையாக. பரவாயில்லை ரகம். மிதந்து விலகும் அந்த உணர்ச்சி மட்டும் வரவில்லை.

ஆனால் பையனின் முகம் கிடைத்துவிட்டது. முகமூடியைக் கழற்றியதும் ஒவ்வொரு தடவையும் கெக்கெக்கே என்று சிரித்தான். முறை என்றால் கோபமாக முறைத்தான், சும்மா நில் என்றால் என்னைப் பார்த்தான். மணி எட்டே கால். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியாக, "எதிர் புளோக்குல எத்தனை வீட்டுல லைட் எரியுது, மனசுக்குள்ளயே எண்ணு, வாயைத் திறக்காத" என்றேன். சித்தப்பா முகமூடியைக் கழற்றினார். கண் நிலைத்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை, கோபம், பயம், சிரிப்பு எதுவும் இல்லை. கருவிழி மட்டும் மெல்ல இடமிருந்து வலம் நகர்ந்தது. 11 விநாடி. சித்தி நடிப்பதை நிறுத்திவிட்டு நிஜமாகவே ஓர் அடி பின்னால் போனாள். "முப்பத்தி நாலு மாமா" என்றான்.

மீதிச் செலவு 31 வெள்ளி 60 காசு, நான்கு இரவுப் பரோட்டாவும் தே தாரிக் தேநீரும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை: மெட்ரோனோமை அக்காவின் காதிலும் மாட்ட வேண்டும், எனக்கு மட்டும் கேட்டதால் அவள் அரை எட்டுப் பின்தங்கிய இடம் ஒன்று படத்தில் அப்படியே இருக்கிறது. ரப்பர் செருப்பு கூடாது, சமையலறையில் கிரீச் கிரீச். நகர மன்றத்திடம் நடைபாதைக்கு முன்கூட்டியே கேட்டுவைத்தது நல்லது, அதை மாற்றப் போவதில்லை. பேய் மாதத்தைத் தவிர்க்க வேண்டும், தாத்தாவுக்காகவாவது. முக்கியமாக நேர வரிசை. கார்பென்டர் குழு கொலை நடந்த வீடாகக் காட்டியது நிஜமாகவே பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை. பாழடைந்த காட்சிகளை முதலில் முடித்துக்கொண்டு, கடைசியில் பெயிண்ட் அடித்து, சாமான் போட்டு, இந்தத் தொடக்கக் காட்சியை எடுத்தார்கள். நாங்கள் தலைகீழ். நல்ல வீட்டை எடுத்து முடித்தோம், திங்கட்கிழமை ஆட்கள் சுத்தியலோடு வந்தார்கள். லூவர் ஜன்னல் போய் இப்போது சறுக்குக் கண்ணாடி. 20 செ.மீ. ஓடுகளைப் பெயர்த்துவிட்டார்கள், குழல்விளக்கு குப்பையில். கடைசி ஷாட்டை மறுபடி எடுக்கலாம் என்று துணிக்கம்பத்தை அளந்துகொண்டு போனவன் வாசலில் சிமெண்டு மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஜிம்பலை 60 வெள்ளிக்கு விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். இதுவரை ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார், 35க்குத் தருவாயா என்று.